செய்தி சொல்லும் ஒலி

(தொண்டாமுத்தூர் வட்டார ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சொற்களைக் கற்பிப்பது எப்படி என்று என்னைப் பேசச் சொன்னார்கள். நான் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சொல்லைக் கற்பிக்கப் போய் நான் செய்த ஒரு தவறையும் உங்கள் முன் வைக்கிறேன். தவறைச் சொல்லாமல் சொல்லை மட்டும் சொன்னால் இந்த உரையால் உங்களுக்குப் பயன் இருக்காது.

அந்தச் சொல் 'டோல்'. ஒன்பதாம் வகுப்பில், வகுப்பு நூலகத்திலிருந்து எடுத்த ஓர் ஆங்கிலக் கதையை வாசித்துக்கொண்டிருந்தோம். ஊரில் ஒருவர் இறந்துவிடுகிறார். தேவாலய மணி 'டோல்' ஆகிறது என்று கதையில் வருகிறது. "டோல்னா என்ன?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து உடனே பதில் வந்தது: "டோல்கேட்டுங்க சார்! வண்டிய நிறுத்திக் காசு வாங்குவாங்க." வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அடுத்த வரியில் 'நெல்' என்று இன்னொரு சொல். முதலில் இருக்கும் 'கே' எழுத்து ஒலிக்காது. "நெல்லுங்களா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். நொய்யல் பாசனத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சந்தேகம் வருவது இயல்புதானே!

இரண்டுக்கும் அகராதியில் 'சாவுமணி' என்று போட்டிருக்கும். அதைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் சாவுக்கு மணி அடித்துக் கேட்டதில்லை. அவர்களுக்குச் 'சாவுமணி' என்பது மேடைப் பேச்சில் வருகிற சொல். 'இந்த ஆட்சிக்குச் சாவுமணி அடிப்போம்' என்று ஒலிபெருக்கியில் கேட்டிருப்பார்கள். ஆகவே கேள்வியைத் திருப்பினேன். "நம்ம ஊர்ல ஒருத்தர் இறந்துட்டா அது ஊருக்கு எப்படித் தெரியும்?"

கைகள் உயர்ந்தன. பலகையில் எழுதிக்கொண்டே போனேன். சங்கு ஊதுவாங்க. சேகண்டி அடிப்பாங்க. சேமக்கலம்னும் சொல்லுவாங்க சார். வெடி போடுவாங்க. ஆட்டோவுல மைக் கட்டிட்டு வருவாங்க. பள்ளிவாசல் மைக்குல சொல்லுவாங்க. சர்ச்சுல மெதுவா மணி அடிப்பாங்க. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவாங்க. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பாங்க. 'எழவு சொல்ல' ஆள் வரும் என்று ஒரு பையன் சொன்னபோது, அதை வசவுச் சொல் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். 'இழவு' என்றால் இழப்பு, இழந்த வீட்டுக்காரர்கள் சொல்லியனுப்பும் செய்தி அது என்று விளக்கினேன். பாடம் நன்றாகப் போகிறது என்று எனக்கு மகிழ்ச்சி.

அப்போது ஒருவன், "தப்பு அடிப்பாங்க சார்" என்றான். சொன்னதோடு நிற்கவில்லை. மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு மாணவனைத் திரும்பிப் பார்த்தான். அவன் பார்த்ததும் இன்னும் நாலைந்து பேர் பார்த்தார்கள். அடக்கிய சிரிப்பு ஒன்று கேட்டது. அந்த மாணவன் நோட்டில் எதையோ எழுதுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், 'தப்பு, பறை' என்று பலகையில் எழுதிவிட்டு, "வேற?" என்று கேட்டேன். நான் செய்த தவறு அதுதான். சொற்களைச் சேர்க்கிற ஆர்வத்தில் ஒரு பிள்ளையின் முகத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அடுத்த இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான். காய்ச்சல் என்றான். நானும் வேறெதுவும் கேட்கவில்லை. அவனுடைய அப்பா பறை அடிப்பவர் என்பது எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. வகுப்பில் எல்லோருக்கும் அது முன்பே தெரிந்திருக்கிறது.

அந்த வார இறுதியில் வீட்டில் உட்கார்ந்து, இந்தச் சொற்கள் மற்ற நாடுகளில் எப்படி இருக்கின்றன என்று படிக்கத் தொடங்கினேன். படித்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் வகுப்பிலும் பயன்படும்.

முதலில் இங்கிலாந்து. மணி ஒலிப்பதற்கு ஆங்கிலத்தில் பல சொற்கள். மகிழ்ச்சிக்குப் பல மணிகள் சேர்ந்து முழங்குவது 'பீல்'. கடிகார மணி இசைபோல் ஒலித்தால் 'சைம்'. பெரிய மணியை இடைவெளி விட்டு, ஒரே சீராக, ஒவ்வோர் அடியாக ஒலிக்கச் செய்வது 'டோல்'. கயிற்றை இழுப்பது என்ற பொருளிலிருந்து அந்தச் சொல் வந்ததாகச் சொல்கிறார்கள். 'நெல்' என்பது அந்த ஒலியின் பெயர். மணிச் சத்தத்தைப் போலவே ஒலிக்கும் பழைய சொல். தாமஸ் கிரே 1751-இல் வெளியிட்ட புகழ்பெற்ற இரங்கற்பாவின் முதல் வரியிலேயே இந்த இரண்டு சொற்களும் வந்துவிடுகின்றன.

இங்கிலாந்தின் கிராமங்களில் இறந்தவருக்கு மணி அடிப்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. பல ஊர்களில் ஆணுக்கு மும்மூன்றாக மூன்று முறை, அதாவது ஒன்பது அடி. பெண்ணுக்கு இரண்டிரண்டாக மூன்று முறை, ஆறு அடி. பிறகு இறந்தவரின் வயது எத்தனையோ அத்தனை அடி. வயலில் வேலை செய்பவர்கள் கையை நிறுத்தி எண்ணுவார்கள். ஒன்பது, அதன் பின் எழுபத்திரண்டு என்றால், நோயில் கிடந்த இன்ன பெரியவர்தான் என்று தெரிந்துவிடும். பெயர் சொல்லாமலே பெயர் தெரிந்துவிடுகிற செய்தி. முதலில் விழும் அந்த அடிகளுக்கு 'டெல்லர்' என்று பெயர். 'டெல்' என்றால் சொல்லுதல்; பழைய ஆங்கிலத்தில் எண்ணுதல் என்றும் பொருள். வங்கியில் பணம் எண்ணித் தருபவரையும் 'டெல்லர்' என்பதும், ஏடிஎம் என்ற பெயருக்குள் அந்தச் சொல் இருப்பதும் இதனால்தான். டோரதி சேயர்ஸ் 1934-இல் எழுதிய 'நைன் டெய்லர்ஸ்' என்ற துப்பறியும் நாவலின் தலைப்பில் வருவது தையற்காரர்கள் அல்ல, இந்த ஒன்பது அடிகள்தான்.

அடுத்து ரஷ்யா. இங்கிலாந்தில் மணியையே சக்கரத்தில் மாட்டி ஆட்டுவார்கள். ரஷ்யாவில் மணி அசையாது. உள்ளே தொங்கும் நாக்கில் கயிறு கட்டி இழுத்து அடிப்பார்கள். அந்த நாக்குக்கு ரஷ்ய மொழியில் 'யஸீக்'. வாயில் இருக்கும் நாக்குக்கும் அதே சொல், பேசும் மொழிக்கும் அதே சொல். வழிபாட்டுக்கு அழைக்கும் மணியொலிக்குப் பெயர் 'பிளாகவெஸ்த்', அதாவது நற்செய்தி. தீ, வெள்ளம், படையெடுப்பு என்றால் அடிக்கும் அபாய மணிக்குப் பெயர் 'நபாத்'. இறந்தவருக்கு அடிப்பது 'பெரெபோர்'. ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லுதல் என்று பொருள் கொள்ளலாம். மிகச் சிறிய மணியில் தொடங்கி, ஒவ்வொன்றையும் ஒருமுறை, மெதுவாக, பெரிய மணி வரை அடித்துச் செல்வார்கள். கடைசியில் எல்லா மணிகளையும் சேர்த்து ஒரே அடி. குழந்தைப் பருவத்திலிருந்து வளர்ந்து முடியும் ஒரு மனித வாழ்வு அது என்று விளக்கம் சொல்வார்கள்.

இனி மொழிபெயர்ப்பு. ஜான் டன் என்ற கவிஞர் லண்டன் புனித பால் பேராலயத்தின் தலைமைக் குருவாகவும் இருந்தவர். 1623-இல் கடும் காய்ச்சலில் படுத்திருந்தபோது வெளியே சாவுமணி கேட்கிறது. அந்த மணி இறந்தவருக்கு மட்டும் உரியதல்ல, கேட்கிற ஒவ்வொருவருக்கும் உரியது என்று அவர் நினைத்து எழுதியது 1624-இல் நூலாக வந்தது. அதிலிருந்து ஒரு தொடரை எடுத்து ஹெமிங்வே 1940-இல் தம் நாவலுக்குத் தலைப்பாக வைத்தார். அதில் இருக்கும் வினை 'டோல்'.

ரஷ்ய மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே ஒரு சிக்கல். ரஷ்யத் தலைப்பில் உள்ள வினை 'ஸ்வனீத்'. எந்த மணி ஒலித்தாலும் அதுதான் சொல். ஒருவர் தொலைபேசியில் அழைத்தாலும் அதே சொல். துக்கம் அந்த வினையில் இல்லை. ஆனால் தலைப்பின் முதற்சொல்லான 'போ' என்ற சிறு இடைச்சொல், ஒருவரை நினைத்து ஏங்குவதையும் ஒருவருக்காக அழுவதையும் சொல்லும்போது வருவது. ஆங்கிலத்தில் வினையில் இருந்த துக்கம் ரஷ்யத்தில் இடைச்சொல்லுக்கு இடம் மாறியிருக்கிறது. ஒரு சொல்லுக்கு நேர்ச்சொல் கிடைக்காவிட்டால் பொருளை வேறோர் இடத்தில் வைக்கலாம் என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழில் நாம் என்ன செய்வோம்? 'மணி அடிக்கிறது' என்றால் பள்ளி விடுகிற நினைவு வருகிறது. 'ஒலிக்கிறது' என்றால் பொதுவாக இருக்கிறது. ஆனால் நம்மிடம் ஒரு பழைய வினை உண்டு: 'இரங்கு'. சங்க இலக்கியத்தில் முரசு இரங்கும், கடல் இரங்கும். ஒலிப்பதும் இரங்குதல், வருந்துவதும் இரங்குதல். நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல். சாவு வீட்டில் முழங்கும் பறைக்கு நெய்தற்பறை என்று பெயர். 'டோல்' என்ற சொல்லில் ஒலியும் துயரும் சேர்ந்திருப்பதைப் போல நம் 'இரங்கு' என்ற சொல்லிலும் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஒலி என்ற பொருளைப் பேச்சில் மறந்துவிட்டோம். துயரம் என்ற பொருள் மட்டும் 'இரங்கல் கூட்டம்' என்பதில் மிஞ்சியிருக்கிறது.

புறநானூற்றின் 194-ஆம் பாடல், பக்குடுக்கை நன்கணியார் பாடியது, உங்களில் தமிழாசிரியர்கள் அறிந்ததே. ஒரு வீட்டில் நெய்தற்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு, இரண்டும் ஒரே ஊரில் கேட்கின்றன என்பதுதான் அதன் காட்சி. டன் படுக்கையில் கிடந்து கேட்டதை, நம் புலவர் அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே தெருவில் நின்று கேட்டிருக்கிறார்.

இனி பறைக்கு வருகிறேன். 'பறை' என்றால் சொல். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அன்றாடப் பேச்சில் அதுதான் வினை. நாமும் 'பறைசாற்றுதல்' என்கிறோம். ஆங்கிலேயர் மணியடியைச் 'சொல்வது' என்றார்கள். ரஷ்யர் மணியின் நாக்கை 'மொழி' என்றார்கள். நாம் கருவிக்கே 'சொல்' என்று பெயர் வைத்தோம். மூன்று ஊர்களிலும் அந்த ஒலியின் வேலை ஒன்றுதான்: நம்மில் ஒருவர் இல்லை என்று உயிரோடு இருப்பவர்களுக்குச் சொல்வது.

பறை சாவுக்கு மட்டும் உரியதும் அல்ல. ஐந்து திணைக்கும் தனித்தனிப் பறை உண்டு. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்தில் நெல் அறுக்கும்போது முழங்கும் நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி. இன்றைய கலைஞர்களிடமும் ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி என்று பல அடிவகைகள் இருக்கின்றன. தோலைத் தீயில் காய்ச்சிப் பதம் பார்ப்பது, ஒரு கையில் அடிக்குச்சியும் மறு கையில் சிம்புக்குச்சியும் பிடித்து வேறுவேறு கணக்கில் அடிப்பது எல்லாம் பல ஆண்டுப் பயிற்சி. அலங்காநல்லூர் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது நமக்கெல்லாம் தெரியும்.

சங்கு என்ற சொல்லையும் பாருங்கள். கோயிலில் சங்கு மங்கலம். சாவு வீட்டிலும் சங்கு. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மூன்றாவதாகவும் ஒன்று உண்டு, மில் சங்கு. பஞ்சாலையில் ஷிப்டு மாறும்போது ஊதுகிற சைரனுக்கு நம் ஊரார் வைத்த பெயர் அது. சங்குச் சத்தம் கேட்டு அடுப்பு மூட்டிய வீடுகள் ஏராளம். சாவுக்கு ஊதுவது என்பதற்காகச் சங்கை யாரும் ஒதுக்கவில்லை. தேவாலய மணியை அடிப்பவரை ஊர் தள்ளி வைக்கவில்லை. பறையை மட்டும், அதை அடிப்பவரோடு சேர்த்து, ஊருக்கு வெளியே நிறுத்தினோம். செய்தி வேண்டும், சொல்பவர் வேண்டாம் என்றோம். சொற்பாடத்தின் நடுவே என் வகுப்பில் எழுந்த சிரிப்பு அங்கிருந்து வந்தது.

அடுத்த வாரம் இதே பாடத்தை மீண்டும் எடுத்தேன். நான் அவன் பக்கம் பார்க்கவில்லை. தப்பு அடிப்பது பற்றி யாரையும் கேட்கவில்லை. ஆங்கிலேயரின் கணக்கைச் சொல்லி, மேசையில் தட்டிக் காட்டி, இறந்தவர் ஆணா பெண்ணா, வயது என்ன என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். வகுப்பு அமைதியாக எண்ணியது. ரஷ்யரின் பெரெபோரை, சிறிதிலிருந்து பெரிதாக வைத்த எவர்சில்வர் டம்ளர்களில் ஒரு மாணவி தட்டிக் காட்டினாள். பிறகு 'டெல்', 'யஸீக்', 'பறை' என்ற மூன்று சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மூன்றுக்கும் பொதுவானது என்ன என்று கேட்டேன். "சொல்றதுங்க சார்" என்று பதில் வந்தது.

கடைசியாக ஒன்றைச் சொன்னேன். "போன வாரம் இந்தச் சொல்லை நான் எழுதினப்ப சிலர் சிரிச்சீங்க. நான் அதைக் கேட்டும் சும்மா இருந்தேன். அது என் தப்பு." வகுப்பில் சத்தமே இல்லை.

அன்று மாலை சைக்கிளை எடுக்கும் இடத்தில் அந்த மாணவன் வந்து நின்றான். அவன் நன்றி சொல்வான் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவன் கேட்டது வேறு: "சார், கலைத் திருவிழாவுக்கு என்னைய பறை அடிக்கச் சொல்லுவீங்களா?" ஏன் கேட்கிறாய் என்றேன். "எங்கப்பா நான் அடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க சார். நான் படிக்கோணும்னுதான் அவரு அடிக்கறாரு. எனக்குச் செஸ் விளையாடத்தான் ஆசைங்க."

என் மனதில் அப்படி ஒரு திட்டம் இருந்தது உண்மை. பறையைப் பெருமைப்படுத்துகிறேன் என்று அவன் கையிலேயே குச்சியைக் கொடுத்திருப்பேன். சிரித்தவர்கள் அவனை எங்கே வைத்தார்களோ, பாராட்டுகிறேன் என்று நானும் அங்கேயே வைத்திருப்பேன். பறையை அடிமைத்தனம் என்று கீழே போட்டவர்களும் இருக்கிறார்கள். இது எங்கள் கலை என்று உரிமையோடு எடுத்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. எதைத் தேர்வது என்பது அந்தப் பிள்ளையின் உரிமை, ஆசிரியர் எடுக்கும் முடிவு அல்ல. "யாரும் சொல்ல மாட்டோம், நீ செஸ்ஸுக்குப் பேர் கொடு" என்றேன். கொடுத்தான். பறை கற்றுக்கொள்ள வேறு இருவர் முன்வந்தார்கள். அவர்களில் ஒருவன், அன்று திரும்பிப் பார்த்துச் சிரித்தவன்.

சக ஆசிரியர்களுக்கு என் அனுபவத்திலிருந்து மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, சடங்கு, தொழில், உணவு, உடை பற்றிய சொற்களை வகுப்பில் கேட்கும் முன், அந்தச் சொல் எந்தப் பிள்ளையின் வீட்டைத் தொடும் என்று நினைத்துப் பாருங்கள். சொல்லைத் தவிர்க்க வேண்டாம். கேட்கும் முறையை மாற்றுங்கள். முதலில் தூர தேசத்துச் சொல்லில் தொடங்கி நம் ஊருக்கு வாருங்கள். அப்போது யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு, சிரிப்பு எழுந்தால் அந்த நொடியே பாடத்தை நிறுத்துங்கள். மறுவாரம் நான் சொன்னதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். இடையில் ஒரு பிள்ளைக்கு இரண்டு நாள் பள்ளி போயிற்று.

மூன்று, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு. உங்கள் பிள்ளைகளிடம் ஒலிச்சொற்களைச் சேகரிக்கச் சொல்லுங்கள். பள்ளி மணி, கோயில் மணி, பால் வண்டி ஹாரன், யானை வந்தால் காட்டோரத்தில் போடும் வெடி, மில் சங்கு. ஒவ்வொன்றும் யாருக்கு என்ன செய்தி சொல்கிறது என்று தாத்தா, அமுச்சியிடம் கேட்டு எழுதி வரட்டும். ஒலியைச் செய்தியாகக் கேட்கப் பழகிய குழந்தைக்கு, அதைச் சொல்பவரை மதிப்பதும் எளிதில் வரும்.

ஹெமிங்வேயின் தலைப்பைத் தமிழாக்கும் பயிற்சியை அந்த வகுப்புக்கே வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். பல விதமாக எழுதி வந்தார்கள். செஸ்ஸுக்குப் பெயர் கொடுத்த அந்த மாணவன் எழுதியது 'இந்த மணி யாருக்கு இரங்குகிறது?'. 'இரங்குகிறது' என்பதன் கீழ் ஒரு கோடு போட்டிருந்தான். நான் சரி என்று குறியிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.